ஒரு ஸ்கோருக்கு ஒரு வரி

வணக்கம். கோத்தகிரி, குந்தா பக்கம் கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தும் தம்பிகளே, ஸ்கோரை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவதாக இருந்தால், முதலில் டேபிளை ஒழுங்காகப் போடுங்கள்.

ஆட்டக்காரர் பெயர் ஒரு கட்டம், பக்கத்துக் கட்டத்தில் 45, 12, 0, 31 என்று கமா போட்டு அத்தனை ஸ்கோரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டேபிள்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸுக்கு அது வெறும் எழுத்து, கூட்டச் சொன்னால் கூட்டாது, நடுவில் ஒரு ஆட்டத்துக்கு அவர் வரவில்லை என்றால் அடுத்த ஸ்கோர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் எது எந்த ஆட்டத்து ரன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் என்பதை ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த எட்கர் காட் 1970லேயே எழுதிவிட்டார்.

சரி, எப்படிப் போடுவது? ஆட்டக்காரர்களுக்கு ஒரு டேபிள், ஆட்டங்களுக்கு ஒன்று. மூன்றாவதுதான் உயிர், அதில் ஒரு ஸ்கோருக்கு ஒரு வரி: ஆட்ட எண், ஆட்டக்காரர் எண், எந்த அணி, எத்தனையாவதாக இறங்கினார், ரன், அவுட்டா இல்லையா. எண் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். முதல் இரண்டு எண்களையும் சேர்த்து பிரைமரி கீ, அதாவது இரண்டு வரிகளில் ஒன்றுபோல வரக்கூடாத அடையாளம், ஆக்கினால், ஒரே ஸ்கோரை இரண்டு பேர் ஏற்றினாலும் இரண்டாவது உள்ளே போகாது. அணியை ஆட்டக்காரர் டேபிளில் வைக்காதீர்கள், அடுத்த வருஷம் அவர் வேறு ஊருக்கு ஆடினால் பழைய ரன்னும் அந்த ஊர்க் கணக்கில் போய்விடும்.

பேட்டிங் கிடைக்காதவருக்குப் பூஜ்யம் போடுவது அநியாயம். அந்த ரன் கட்டத்தை நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை) என்று காலியாக விடுங்கள். சராசரி என்பது மொத்த ரன்னை அவுட் ஆன தடவைகளால் வகுப்பது, அதற்குத்தான் அவுட் கட்டம். மொத்த ரன்னைத் தனியாகச் சேமிக்கவே வேண்டாம், கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

எத்தனையாவதாக இறங்கினார் என்ற வரிசை எண்ணையும் விட்டுவிடாதீர்கள், ஏற்றிய வரிசையிலேயே வரிகள் திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி மாட்டப்பட்ட ஸ்னூக்கருக்கும் இதேதான்: சிவப்புக்கு 1, கறுப்புக்கு 7 என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி, கூடவே அது எத்தனையாவது பந்து என்ற எண்.

இதற்கெல்லாம் எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் போதும், இலவசம். ஒன்று மட்டும், அதில் ஃபாரின் கீ சோதனை, அதாவது ஸ்கோர் வரியில் உள்ள எண் ஆட்டக்காரர் டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது, வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நாம்தான் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் இல்லாத ஆள் பெயரிலும் ரன் ஏறிவிடும்.