மாடல் விமானத்தின் எடை எங்கே நிற்க வேண்டும்?

[காட்சி: மேசையில் முழுமையாகப் பூட்டிய ரேடியோ கட்டுப்பாட்டு விமானம்]

வணக்கம். கட்டி முடித்த விமானத்தை உடனே பறக்கவிட மனம் துடிக்கும். ஆனால் அதன் ஈர்ப்பு மையம், அதாவது முழு எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளி, எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தரையை விட்டு எழுப்பாதீர்கள்.

அந்த மையம் சற்று முன்னால் இருந்தால் விமானம் மூக்கைத் தாழ்த்தும். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும், வாலிலுள்ள அசையும் தகடு) மேல்நோக்கி வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும், தரையிறங்கும் வேகமும் கூடும், ஆனாலும் அது உங்கள் பேச்சைக் கேட்கும். மையம் மிகவும் பின்னால் போய்விட்டாலோ, காற்றின் சிறு அசைவில் உயர்ந்த மூக்கு தானாகத் தாழாமல் மேலும் மேலும் உயர்ந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும்வரை போய்விடும். ஆகவே ஐயம் இருந்தால் மூக்குப் பக்கமே கனம் இருக்கட்டும்.

[காட்சி: இறக்கையின் அடியில் பென்சில் குறி]

மையத்துக்கு, விமானத்தின் வரைபடத்தில் குறித்த இடமே முதன்மையானது. அது கிடைக்காதபோது, வாலுள்ள, நேரான இறக்கை கொண்ட விமானத்துக்கு, இறக்கை அகலத்தில் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை) முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் தொடங்கலாம். அகலம் 20 செ.மீ. என்றால் 5 செ.மீ. வாலில்லாத விமானத்துக்கு இக்கணக்கு பொருந்தாது. அந்த இடத்தை இரு இறக்கைகளிலும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி, ப்ரொப்பெல்லர், மூடி எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கட்டும். பேட்டரி இணைப்பை மட்டும் கொடுக்க வேண்டாம். எரிபொருளில் ஓடுவது என்றால் டேங்க் காலியாக இருக்க வேண்டும், ஏனெனில் டேங்க் பெரும்பாலும் மையத்துக்கு முன்னால் இருப்பதால், எரிபொருள் தீரத் தீர மூக்கு இலேசாகிறது. குறிகளின் கீழ் இரு விரல்நுனிகளை வைத்துத் தூக்குங்கள். இறக்கை உடலின் அடியில் இருந்தால் விமானத்தைக் கவிழ்த்துப் பிடிப்பது நல்லது. மட்டமாகவோ, மூக்கு மிகச் சிறிதே தாழ்ந்தோ நின்றால் போதும்.

[காட்சி: பேட்டரியை முன்னால் நகர்த்தும் கை]

வால் தாழ்ந்தால் மூக்கில் எடை சேர்க்க ஈயத்தைத் தேடாதீர்கள், முதலில் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். வால் மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளியும் மூக்கு 20 செ.மீ. தள்ளியும் இருந்தால், வாலில் கூடிய 10 கிராமை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் தேவைப்படும். வாலில் பசையைக்கூட அளந்து பூச வேண்டும் என்பது இதனால்தான்.

பிறகு மூக்கு நுனியையும் வால் நுனியையும் பிடித்துத் தூக்கி, எப்போதும் ஒரே இறக்கை தாழ்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்தால் எதிர் இறக்கை நுனியில் சிறு எடை ஒட்டுங்கள்.

எல்லாம் சரியானதும், பேட்டரி நிற்கும் இடத்தை உடலுக்குள் பேனாவால் கோடிட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டிலேயே வைத்துக் கட்டுங்கள்.