ஜட்ஜ் டிரெட் சிரிப்பாரா?

(காமிக்ஸ் வாசகர் கூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஜட்ஜ் டிரெட்டை வரைய நீங்கள் ஓவியராக இருக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு ஹெல்மெட். நெற்றி, கண், பாதி மூக்கு எல்லாம் அதற்குள் போய்விடும். கீழே சதுரமாக ஒரு தாடை. நடுவே, இரண்டு முனையும் கீழே இறங்கிய ஒரு கோடு. ஆள் தயார். போலீஸ், நீதிபதி இரண்டும் ஒரே ஆளாக இருந்து ஊரை அடக்கும் எதிர்கால நகரம் ஒன்றின் 'ஜட்ஜ்' இவர்; 1977 மார்ச்சில் '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் வாராந்தரியின் இரண்டாவது இதழில் வந்தவர். வளர்ந்த டிரெட்டின் முகத்தை இத்தனை காலத்தில் நமக்குத் தெளிவாகக் காட்டியதே இல்லை. தொடக்க காலக் கதை ஒன்றில் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டி வந்தபோது, முகத்தின் மேல் 'தணிக்கை' என்று பட்டை ஒட்டிவிட்டார்கள்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் டெக்ஸ் வில்லர் ரசிகர்கள் என்று தெரியும். அந்த இத்தாலிய கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸும் சட்டத்தின் ஆள்தான். ஆனால் இரவுக்கழுகாரும் (அதாவது டெக்ஸும்) அவர் நண்பர் வெள்ளிமுடியாரும் ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதலில் வறுத்த கறி, பிறகு ஒருவரையொருவர் கிண்டல், அப்புறம்தான் துப்பாக்கி. டிரெட்டுக்கு அப்படி உட்கார்ந்து சாப்பிட ஒரு நண்பர் கிடையாது. ஆனால் அவர் பிறந்த வீடு நமக்கு அந்நியமான வீடு அல்ல. நம் இரும்புக்கை மாயாவியை லண்டனில் வெளியிட்ட ஃப்ளீட்வே பதிப்பகம் பின்னர் ஐபிசி குழுமத்துக்குள் போனது; அந்த ஐபிசிதான் 2000 ஏடியைத் தொடங்கியது. மாயாவியை வரைந்த ஹேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். டிரெட்டுக்கு உருவம் கொடுத்த கார்லோஸ் எஸ்கெர்ராவும் ஸ்பெயின்காரர், 1947இல் பிறந்து பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் வளர்ந்தவர். டிரெட்டின் தோளில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கழுகு எங்கிருந்து பறந்து வந்தது என்று யூகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம். முதல் வரைபடத்தைப் பார்த்த எழுத்தாளர் ஜான் வாக்னருக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஸ்பானியக் கடற்கொள்ளையன் மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளித்தார்.

சரி, சிரித்திருக்கிறாரா? ஆரம்பத்தில் மனுஷன் இவ்வளவு இறுக்கமாக இல்லை. வீட்டில் வால்டர் என்று ஒரு ரோபோ வேலைக்காரன், 'ர' வராது, எஜமான் மேல் உயிர். மரியா என்று ஒரு இத்தாலியப் பெண்மணி வேறு. வால்டருக்குத் தனியாக ஒரு நகைச்சுவைத் தொடரே ஓடியது. அந்தக் காலத்துப் படக்கட்டங்களைப் புரட்டினால் உதடு சற்றே தளர்ந்த இடங்கள் தென்படலாம். அது புன்னகையா, எரிச்சலா என்று ரசிகர்கள் சண்டை போடட்டும். பின்னால் வால்டரும் மரியாவும் மெல்ல ஓரங்கட்டப்பட்டார்கள், உதடும் இறுகிவிட்டது. இறுகியது ஏன் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

அவர் வேலை பார்க்கும் ஊரைப் பாருங்கள். மெகா சிட்டி ஒன், அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுக்கப் பரவிய நகரம், ஆரம்பத்தில் 80 கோடி மக்கள். வேலைகளை ரோபோக்கள் பறித்துக்கொண்டதால் பெரும்பாலோருக்கு வேலை கிடையாது. பொழுது போகாத ஜனம் என்னவெல்லாம் செய்யும்? தின்று தின்று டன் கணக்கில் எடை ஏற்றி, தொப்பையைத் தாங்க அடியில் ஒரு சக்கரம் மாட்டிக்கொண்டு உருள்கிறது ஒரு கூட்டம். ஆட்டோ சம்ப் என்ற அவலட்சணமான ஆசாமி அசிங்கப்படுத்தும் கிளினிக் திறக்கிறார். காசு கொடுத்து மூக்கைக் கோணலாக்கிக்கொள்ள ஜனம் வரிசையில் நிற்கிறது. ஊரில் சர்க்கரை தடை, காபி தடை. அம்ப்டி கேண்டி என்று ஒரு மிட்டாய் வந்தது. அதில் போதைப்பொருள் எதுவும் இல்லை. ருசி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கும் தடை.

இத்தனை கோமாளித்தனத்துக்கும் நடுவில் அந்தக் கோடு இருக்கிறது, வளையாமல். கட்டத்தில் எல்லாரும் கோமாளிகள் என்றால் நமக்குச் சிரிப்பு வராது; ஒருவராவது எல்லாவற்றையும் நூறு சதவீதம் நம்ப வேண்டும். மிட்டாய் வியாபாரியைக் கொலைகாரனைப் பார்க்கும் அதே முகத்தோடு பார்க்க டிரெட்டால் மட்டும்தான் முடியும். அவர் ஒரு முறை சிரித்துவிட்டால், 'இதெல்லாம் விளையாட்டுக்குத்தான்' என்று நம்மிடம் கண்ணடித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்தச் சட்டத்துக்கு யார் பயப்படுவார்கள்?

அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1981இல் பிரையன் பொலண்ட் வரைந்த கதை. ஜட்ஜ் டெத் என்ற வில்லனின் கூட்டாளி ஜட்ஜ் ஃபியர் தன் ஹெல்மெட்டின் முன்மூடியைத் திறந்து, 'அச்சத்தின் முகத்தைப் பார்!' என்கிறான். பார்த்தவர்கள் அந்த இடத்திலேயே பயத்தில் சாவது வழக்கம். டிரெட் பார்க்கிறார். 'டிரெட்டின் முஷ்டியைப் பார்!' என்று ஒரு குத்து. முஷ்டி முகத்துக்குள் நுழைந்து மண்டையின் பின்பக்கம் வெளியே வருகிறது. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அது மட்டமான பஞ்ச் டயலாக். முகம் மாறாமல் சொன்னதால் நாற்பது வருஷம் கழித்தும் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

இந்தத் தொடரில் எப்போதும் பல் தெரிய இளிக்கும் நீதிபதி ஒருவன் உண்டு, அந்த ஜட்ஜ் டெத்தேதான். குற்றம் செய்பவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள், ஆகவே உயிரோடு இருப்பதே குற்றம் என்பது அவன் கட்சி. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்! இன்னொருவன் தலைமை நீதிபதி கேல். தங்கமீன் ஒன்றைத் தனக்கு அடுத்த பதவியில் அமர்த்தியவன்; நகர மக்கள் மொத்தப் பேருக்கும் அகரவரிசைப்படி மரண தண்டனை என்று உத்தரவு போட்டவன். டிரெட்டின் மூடிய வாயை வாக்னர் இவர்கள் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். பார்த்தால் டிரெட் நிதானமான ஆளாகத் தெரிகிறார். அதில் ஒரு பொறி இருக்கிறது, வருகிறேன்.

அதற்கு முன் பூட்ஸ். 1984இல் வந்த சின்னக் கதை ஒன்றில் டிரெட்டுக்குச் சந்தேகம் வருகிறது. கொடுத்த தண்டனை சரிதானா, மனசு உறுத்துகிறது. தன்னைப் பயிற்றுவித்த மூத்த நீதிபதி மார்ஃபியிடம் போகிறார். நீதி, கருணை என்று பெரியவர் ஏதாவது உபதேசம் செய்வார் என்று நாம் காத்திருக்கிறோம். அவர் சொல்வது: இறுக்கமான பூட்ஸ் போடு. கால் வலித்தால் வேறு எதைப் பற்றியும் யோசிக்கத் தோன்றாது. டிரெட்டும் இறுக்கமான பூட்ஸ் வாங்கிக்கொள்கிறார்! அந்த உதடு ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மொத்தத் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த விடை இதுதான். மனுஷனுக்குக் கால் வலி. படிக்கும்போது சிரித்துவிடுவோம். ஒரு அரசாங்கம் தன் ஆட்களைச் சந்தேகப்படாமல் வைத்திருக்கக் கண்டுபிடித்த வழி அது என்பது அடுத்த நாள்தான் உறைக்கும்.

இப்போது பொறிக்கு வருவோம். 1981 கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஒன்றோடொன்று போர் தொடங்குகின்றன. டான் டானா பிளாக்குக்கு எதிராக ஈனிட் பிளைட்டன் பிளாக். நாம் சின்ன வயதில் படித்த அதே ஈனிட் பிளைட்டன்தான். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு துப்பாக்கி தூக்குகிறார்கள். சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டுகிறோம். பார்த்தால், சோவியத் நகரமான ஈஸ்ட் மெக் ஒன்னின் உளவாளி குடிநீரில் மருந்து கலந்திருக்கிறான். 1982இல் நேரடி யுத்தம், அணுகுண்டு. மெகா சிட்டி ஒன்னின் 80 கோடியில் பாதி அழிகிறது. டிரெட் சிலரைக் கூட்டிக்கொண்டு எதிரியின் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றி, ஈஸ்ட் மெக் ஒன்னையே குறிவைக்கிறார். அங்கே 50 கோடிப் பேர். அவர்களை விட்டுவிடச் சொல்லித் தளத்தில் இருந்த சோவியத் ஆள் கெஞ்சுகிறான். டிரெட் மறுக்கிறார். பொத்தான் அழுத்தப்படுகிறது.

அந்த யுத்தத்தை வரைந்தவர் எஸ்கெர்ரா. அறிமுகக் கதையை வேறொருவர் வரைந்ததில் மனம் கசந்து விலகியிருந்தவர், திரும்பி வந்து வரைந்த பெரிய கதை இது. மிட்டாய்க்குத் தடை போட்ட அதே உதடு, அதே கோடு, ஒரு மில்லிமீட்டர் கூட மாறவில்லை. இவ்வளவு நாள் நாம் பார்த்துச் சிரித்த முகம் இது. பொத்தானுக்கு மேலேயும் அதே முகம் நிற்கும்போது என்ன செய்வது? கோபமோ சோகமோ ஒரு துளி காட்டியிருந்தால் வாசகனுக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்திருக்கும். வாக்னர் தரவில்லை. இந்தத் தொடரின் மற்ற எல்லாக் கோமாளிக் கதைகளும் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் ஓடின என்று நான் நினைக்கிறேன். நீங்கள் மறுக்கலாம்.

தொடர் அதை மறக்கவும் இல்லை. டிரெட்டின் உலகில் ஒரு வருஷம் என்றால் நமக்கும் ஒரு வருஷம். 1977 அங்கே 2099. மனுஷனுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. சுமார் முப்பது வருஷம் கழித்து, 2011-12இல், ஈஸ்ட் மெக் ஒன்னில் தப்பியவர்கள் கிருமியோடு பழிவாங்க வருகிறார்கள். மெகா சிட்டி ஒன்னில் மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் சாகிறார்கள்.

சினிமா பற்றி இரண்டே வார்த்தை. 1995இல் ஸ்டாலோன் ஹெல்மெட்டைக் கழற்றினார். பக்கத்தில் நகைச்சுவை நடிகர் ராப் ஷ்னைடரை ஜோக் அடிக்க விட்டார்கள். இரண்டும் தப்பு, ஒரே தப்பின் இரண்டு பக்கம். 2012 படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணைக் காட்டாமல் வாயை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதாநாயகன் முழுப் படத்தையும் நடித்து முடித்தார். கூட வரும் ஆண்டர்சன் மனதைப் படிப்பவள், ஹெல்மெட் போட்டால் அந்தச் சக்திக்கு இடைஞ்சல் என்று ஒரு காரணம் சொல்லி அவள் முகத்தை நமக்குத் திறந்து வைத்தார்கள். பயமும் இரக்கமும் அந்த முகத்தில் ஓடட்டும் என்று விட்டது நல்ல புத்திசாலித்தனம்.

ஒரே ஒரு புத்தகம் வாங்க நினைப்பவர்கள் 'கம்ப்ளீட் கேஸ் ஃபைல்ஸ்' வரிசையில் ஐந்தாவது தொகுதியைத் தேடுங்கள். நான் சொன்ன முஷ்டி, ஈனிட் பிளைட்டன் பிளாக், பொத்தான் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. கறுப்பு வெள்ளை, பொடி எழுத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதில் எங்காவது அவர் சிரிக்கும் கட்டம் கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு வாருங்கள், உட்கார்ந்து சண்டை போடுவோம். இப்போது கேள்விகள். பின்வரிசையில் கை தூக்கியவர் முதலில் கேளுங்கள்.