கண்ணீர் வரையாமல் மனதை வரைவது

[திரையில்: கன்னத்தில் ஒரு துளி கண்ணீருடன் ஒரு பெண்ணின் முகம். மெல்ல மறைகிறது.]

ஒரு பெண்ணின் மனதை வரையச் சொன்னால் கை முதலில் போவது புருவத்துக்கும் கண்ணீருக்கும்தான். பார்ப்பவர் "ஓ, சோகம்" என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். பெண்ணின் உள்மனதையும் சிறுபான்மை அடையாளத்தையும் இன்று உருவ ஓவியத்தில் கொண்டுவரும் சிலர், முகத்தை ஏறக்குறைய சும்மா விட்டுவிடுகிறார்கள். வேலையெல்லாம் தோலில், துணியில், சுவரில் நடக்கிறது.

முதலில் தோல். கறுப்புத் தோலை வரையும்போது அடிக்கடி நடக்கும் தவறு, நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை என்று வைப்பது. டைட்டானியம் வெள்ளை கலவையைக் குளிர்ச்சியாக்கி நிறத்தின் செறிவைக் குடித்துவிடும். நெற்றியும் மூக்குத்தண்டும் சுண்ணாம்பு பூசினாற்போல் சாம்பல் பூத்துப்போகும்.

[திரையில்: கலவைத் தட்டு, அருகிலிருந்து.]

டியூபில் வரும் கறுப்பை ஒதுக்கி வையுங்கள். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பையும் ஏறத்தாழ சமபங்காகக் கலந்தால், கறுப்புக்கு நிகரான ஆழம் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, அம்பர் கூடினால் வெதுவெதுப்பு. வெளிச்சம் படும் இடத்தில் அந்த வெளிச்சத்தின் நிறத்தையே வையுங்கள்: ஜன்னல் பக்கம் நீலச்சாயல், விளக்குப் பக்கம் யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சு. வெள்ளை கடைசியில்தான். அதுவும் குண்டூசித் தலையளவு, ஈரம் மின்னும் கீழுதட்டிலும் கண்ணிலும் மட்டும்.

இனி, அதே சாம்பலை வேண்டுமென்றே வைப்பவரைப் பாருங்கள். எமி ஷெரால்ட், 1973இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பின ஓவியர். அவர் வரையும் கறுப்பின மனிதர்களின் தோல் சாம்பல் நிறம்தான். ஆனால் அந்தச் சாம்பல் கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சளைக் கலந்து எடுத்தது. அதனால் சூடு இருக்கிறது, சுண்ணாம்புத்தனம் இல்லை. தோலைப் பார்த்ததுமே ஆளை முடிவுசெய்து பழகிய கண் அங்கே ஒரு கணம் தடுமாறி, பார்வைக்கும் கைக்கும் உடுப்புக்கும் போகிறது.

2018இல் வாஷிங்டனின் தேசிய உருவப்பட அரங்கில் அவர் வரைந்த மிஷெல் ஒபாமா படம் திறக்கப்பட்டபோது, முகம் அவரைப்போல் இல்லை என்ற குறை எழுந்தது. படத்தில் பெரும்பகுதி முகமே இல்லை, கவுன்! அந்தக் கட்டங்களும் பட்டைகளும் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் பழந்துணியைத் தைத்துச் செய்த ஒட்டுப்போர்வைகளை நினைவூட்டுகின்றன. குறை சொன்னவர்கள் பாதிப் படத்தைப் பார்க்கவே இல்லை என்பேன்.

லண்டனில் 1977இல் கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த லினெட் யாடொம்-போவாச்சி இன்னொரு வழி பிடிக்கிறார். அவருடைய ஆட்கள் கற்பனை. காலத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று காலணியைக்கூடப் பெரும்பாலும் தவிர்க்கிறார்.

செய்முறையில் சுவாரசியமானது ஞிடேகா அகுன்யிலி க்ராஸ்பியின் வேலை. 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்து, 1999இல் அமெரிக்கா போனவர். தள்ளி நின்றால் அறையில் அமைதியாக ஒரு பெண். கிட்டே போனால் சுவரிலும் தரையிலும் சில படங்களில் உடம்பிலும்கூட நைஜீரியப் பத்திரிகைப் படங்கள், குடும்பப் புகைப்படங்கள். வெளியே பேசாதவள் உள்ளே எத்தனை பேரோடு இருக்கிறாள் என்பது அந்தப் படங்களில்தான் தெரிகிறது. அவற்றைத் தாளில் இறக்குவது அசிட்டோன், நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் திரவம்.

[திரையில்: தாள்மேல் கவிழ்த்து ஒட்டிய பிரிண்ட், பஞ்சுத்துணி, கரண்டி.]

வீட்டில் முயல லேசர் பிரிண்டோ ஜெராக்ஸ் நகலோ வேண்டும். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள்; அசிட்டோன் அதைக் கரைத்து அடுத்த தாளில் ஒட்டவைக்கிறது. சாதாரண இங்க்ஜெட் மையில் கரைய டோனரே கிடையாது, அதனால் வேலைக்காகாது. படம் இடவலம் மாறி விழும். எழுத்து இருந்தால் பிரிண்ட் எடுக்கும்போதே திருப்பிவிடுங்கள். பிரிண்டைக் கவிழ்த்து, ஓரத்தை டேப்பால் ஒட்டி, அசிட்டோனில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத்துணியால் பின்பக்கம் ஒற்றுங்கள். தாள் ஊடுருவித் தெரிந்ததும் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். அசிட்டோன் சட்டென்று ஆவியாகிவிடும். ஒரு தடவைக்கு உள்ளங்கையளவு இடம் போதும். துணி சொட்டினால் கோடுகள் கசியும், காய்ந்திருந்தால் படம் திட்டுத்திட்டாக விழும். அக்ரிலிக் பூசிய இடத்தின்மேல் இதைச் செய்யாதீர்கள், பெயின்ட்டே இளகிவிடும். முதலில் படம், பிறகு நிறம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரமே ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள்.

கடைசியாக, முகத்தையே தராத ஒரு படம். லாகூரில் பிறந்த ஷாசியா சிக்கந்தர், அங்கே தேசியக் கலைக் கல்லூரியில் 1989-90இல் வரைந்த சுருள். சுமார் 34 செ.மீ. உயரம், 162 செ.மீ. நீளம். தாள்களை அடுக்கி ஒட்டி, தேய்த்து மெருகேற்றிய வஸ்லித் தாளில் நுண்ணோவியமாக ஒரு வீடு, அறை அறையாக. ஒவ்வொன்றிலும் அதே பெண், ஊடுருவித் தெரியும் வெள்ளை உடையில், எங்கோ போய்க்கொண்டே இருக்கிறாள். முகம் எங்கும் தெரியாது. சுருளின் கடைசியில் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். முன்னால் ஒரு ஓவியச் சட்டம். அதில் தன்னையே வரைந்துகொண்டிருக்கிறாள்.