மண்ணுக்குள் ஒளிந்த மீனும் வாய்மூடிய தவளையும்

(வேலூரில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். காதால் இரை தேடும் வௌவால், மின்சாரத்தை உணர்ந்து இரை தேடும் சுறா: இந்த இரண்டில் எதன் புலன் பெரு வியப்பு என்பதுதான் இன்றைய பேச்சு. கடல் இல்லாத வேலூரில் சுறாவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். சுறா நம் மீன் மார்க்கெட்டுக்கே வருகிறதே! அடுத்த முறை வெட்டச் சொல்வதற்கு முன் அதன் மூக்கை உற்றுப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள் தெரியும். அழுத்தினால் பிசுபிசுவென்று கூழ் கசியும். அந்தக் கூழ்க் குழாய்கள்தான் மின்சாரத்தை உணரும் உறுப்பு. இத்தாலியரான லோரன்சினி 1678-லேயே இவற்றை விவரித்துவிட்டார். இவை எதற்கென்று புரியத்தான் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின.

முதலில் வௌவால். நான் எடுத்துக்கொண்டது மெகாடெர்மா லைரா என்ற இனம். பாழடைந்த மண்டபங்களில் தங்கும்; பெரிய காதுகள் இரண்டும் நெற்றிமேல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தவளை, சுண்டெலி, பூச்சி எல்லாம் தின்னும். குரல் எழுப்பி எதிரொலியால் வழி காணும் இது, சில நேரம் குரலை அடக்கிக்கொண்டு சருகின் சலசலப்பை மட்டும் கேட்டே இரைமேல் பாயும்.

இனிச் சுறா. ஐரோப்பியக் கடலோரத்துச் சிறுபுள்ளிப் பூனைச்சுறாவை வைத்து கால்மைன் என்ற விஞ்ஞானி செய்த சோதனைகள் 1971-இல் வெளிவந்தன. தட்டைமீன் ஒன்றை மணலில் புதைத்தார். சுறா நேரே வந்து தோண்டியது. மோப்பமாக இருக்குமோ? மீனைக் கடல்பாசிக் கூழால் ஆன அறைக்குள் வைத்துப் புதைத்தார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நோன்புக்குக் காய்ச்சுகிறார்களே, அதே கடல்பாசி. அது வாசனையை மறைக்கும், மீனின் உடம்பிலிருந்து கசியும் மின்சாரத்தை மட்டும் வெளியே போக விடும். அப்போதும் சுறா சரியான இடத்தில் பாய்ந்தது. கூழின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டார். மின்சாரம் தடைபட்டது, சுறா கவனிக்காமல் போனது. கடைசியில் மீனே இல்லாமல், மின்சாரம் பாய்ச்சும் இரண்டு மின்வாய்களைப் புதைத்தார். சுறா அவற்றையும் தோண்டிக் கடித்தது!

என்னைக் கேட்டால், இந்த இரண்டில் சுறாவின் புலனே எனக்குப் பெரு வியப்பு. காதை நம்பி வரும் வௌவாலிடம், அசையாமல் வாய்மூடி இருக்கும் தவளைக்குத் தப்ப ஒரு வாய்ப்பாவது உண்டு. மணலுக்குள் கிடக்கும் மீன் என்ன செய்யும்? மூச்சுவிடச் செவுளை அசைத்தாக வேண்டும். உயிருள்ள உடம்பிலிருந்து மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும்.

வௌவாலுக்கு ஏன் இந்த மின்புலன் வாய்க்கவில்லை? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், காற்று கடத்தாது. சுறாவுக்கும் இது சில சாண் தூரத்துக்குள்தான் உதவும். அதுவரை அதை இரையிடம் கூட்டிவருவது மோப்பமும் செவியும்தான்.