விண்டோஸ் 10 லேப்டாப்பை என்ன செய்வது? லினக்ஸா, புதுசா, அப்படியே ஓட்டலாமா?

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. நீளமான கேள்வி, சுருக்கி வாசிக்கிறேன். "எங்கள் கடையில் 2018இல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். டேலி, ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் லினக்ஸ் போடலாம் என்கிறான். கொழுந்தனார், ஒன்றும் ஆகாது, அப்படியே ஓட்டுங்கள் என்கிறார். சர்வீஸ் கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் இதே மூன்று கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். படித்துப் படித்து இன்னும் குழம்பிவிட்டேன். யார் சொல்வது சரி?"

நல்ல கேள்வி. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய ஒரு இலவச இயங்குதளம், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். முதலில் அந்தச் சண்டையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. "லினக்ஸ் போட்டேன், பத்து வருடத்து லேப்டாப் புதுசு மாதிரி ஓடுகிறது" என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எல்லாமே பிரவுசரில் முடிகிற வேலையாக இருக்கும், அல்லது புரோகிராம் எழுதுகிறவராக இருப்பார். "லினக்ஸெல்லாம் வேலைக்கு ஆகாது" என்கிறவரும் பொய் சொல்லவில்லை. அவர் வேலொரண்ட் விளையாடுகிறவராக இருக்கலாம். அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடவே ஓடாது. அல்லது போட்டோஷாப்பில் ஃபிளக்ஸ் பேனர் செய்கிறவராக இருக்கலாம். ஆளுக்காள் தன் மேசையில் நடந்ததை உலகத்துக்கே பொது விதி ஆக்கிவிடுகிறார்கள். அதனால் யாருடைய ஆலோசனையைப் படித்தாலும், இவர் அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை பார்க்கிறார் என்று முதலில் தேடுங்கள். அது தெரியாவிட்டால் அந்த ஆலோசனையால் உங்களுக்குப் பயனில்லை.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் ஒரு மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றிப் பேசும் இணையக் குழுவில், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அறிவித்தார். அதுதான் லினக்ஸ். 1992 ஜனவரியில் அதே குழுவில், மினிக்ஸை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் 'லினக்ஸ் காலாவதியானது' என்று தலைப்புப் போட்டே எழுதினார். என் மாணவராக இருந்து இப்படி ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்திருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்கிற அளவுக்குப் போனார். டோர்வால்ட்ஸும் காரமாகத் திருப்பிக் கொடுத்தார், பிறகு அந்தத் தொனிக்கு மன்னிப்பும் கேட்டார். பேராசிரியர் பேசியது ஒரு இயங்குதளம் எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றி. மாணவர் பேசியது இன்டெல் 386 பிராசஸர் கொண்ட தன் கம்ப்யூட்டரில் இன்றைக்கு எது ஓடுகிறது என்பதைப் பற்றி. இரண்டும் வேறு வேறு கேள்விகள். உங்கள் வீட்டிலும் அதேதான் நடக்கிறது. மகன் தன் கல்லூரி வேலையை நினைத்துச் சொல்கிறான். கொழுந்தனார் செலவை நினைத்துச் சொல்கிறார். கடைக்காரர் வியாபாரத்தை நினைத்துச் சொல்கிறார். நாம் உங்கள் டேலியை வைத்துப் பேசுவோம்.

சரி, இப்போது அந்த அறிவிப்பு. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14, அதாவது அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது. 2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில், விண்டோஸின் கடைசிப் பதிப்பு இதுதான் என்று பேசினார், நிறுவனமும் அப்போது அதை மறுக்கவில்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்துவிட்டது. வந்ததோடு நிற்கவில்லை, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு, கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்று ஒரு கோடு போட்டது. உங்களுடையது ஏழாம் தலைமுறை. ஒரு எண்ணில் வெளியே நிற்கிறது.

இங்கே இணையத்தில் நிறையப் பேர் தவறாகச் சொல்வது ஒன்று இருக்கிறது. 'டிபிஎம் இல்லாததால்தான் 11 ஏறவில்லை' என்பார்கள். நீங்களே பாருங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, வருகிற சின்னப் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். உங்கள் லேப்டாப்பில் பதிப்பு 2.0 என்றே காட்ட நிறைய வாய்ப்பு இருக்கிறது. காட்டாவிட்டாலும், பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற செட்டிங்ஸ் பக்கத்தில், பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் தடுப்பது பிராசஸர் பட்டியல்தான். அந்தக் கோட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2021இல் ஒரு காரணம் சொன்னது: தகுதியில்லாத கம்ப்யூட்டர்களில் சோதித்தபோது, இயங்குதளத்தின் அடித்தளத்திலேயே வரும் கிராஷ்கள் 52 சதவீதம் அதிகமாக இருந்ததாம். இருக்கட்டும். ஆனால் அதே ஆண்டு பட்டியலைத் திருத்தியபோது, ஏழாம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்களில் ஐ7-7820எச்க்யூ மட்டும் உள்ளே வந்தது. அந்தப் பிராசஸரை வைத்துத்தான் மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கம்ப்யூட்டரை விற்றுக்கொண்டிருந்தது. தன் பொருளுக்கு ஒரு நியாயம், திருப்பூரில் காசு கொடுத்து வாங்கியவருக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். உங்கள் லேப்டாப் கெட்டுப்போகவில்லை. அதற்கு நாள் குறித்தது ஒரு நிறுவனத்தின் முடிவு.

ஆனால் கோபம் நியாயமானது என்பதால் கொழுந்தனார் சொல்வது சரியாகிவிடாது. 'நான் தேவையில்லாத எதையும் கிளிக் செய்வதில்லை, எனக்கு ஒன்றும் வராது' என்று எழுதுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது வானாக்ரை என்ற தீங்கு மென்பொருளின் கதை. 2017 மார்ச்சில் விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களில் மே 12ஆம் தேதி வானாக்ரை புகுந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. ஒரு நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும், பக்கத்தில் இருப்பதற்குத் தானே தாவும், யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். திருத்தம் கையில் இருந்தும் இரண்டு மாதம் போடாமல் விட்டதற்கே அந்தக் கதி. இனி திருத்தமே வராத கம்ப்யூட்டரில் கடையின் பேங்க் பாஸ்வேர்டை அடிக்கக் கூடாது. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டாலும் இயங்குதளத்தில் இருக்கிற ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு இடைக்கால வழி இருக்கிறது, சண்டை போடுகிறவர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தம் என்று ஒரு திட்டம். வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். முப்பது டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்குகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்வதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும். இலவச வழிக்குப் போனால் உங்கள் டேலி கோப்புகள் மைக்ரோசாஃப்டிடம் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கேட்பது செட்டிங்குகளைத்தான், டாக்குமென்ட் ஃபோல்டர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

இப்போது உங்கள் மகனுக்கு. தம்பி, நீ சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அம்மாவின் கடைக் கம்ப்யூட்டரில் வேண்டாம். டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற கருவியைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், பில் போடும் பிரிண்டர், பார்கோடு லேபிள் என்று ஒவ்வொன்றாக வரும்போது, ஒவ்வொன்றுக்கும் நீ உட்கார வேண்டும். நீ ஹாஸ்டலில் இருக்கும்போது பிரிண்டர் நின்றுபோனால், அம்மா யாரைக் கூப்பிடுவார்? இணையத்தில் 'லினக்ஸுக்கு மாறுங்கள்' என்று அடித்துச் சொன்னவர்கள் யாரும் அன்றைக்குத் திருப்பூருக்கு வரமாட்டார்கள். லினக்ஸை நேசிக்கிற ஒருவன் என்ற முறையில்தான் சொல்கிறேன், வற்புறுத்தி மாற்றப்பட்ட ஒருவர் ஒரு கெட்ட நாளைப் பார்த்துவிட்டால் பிறகு வாழ்நாளுக்கும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

தமிழ்நாட்டிலேயே பார்த்தோமே. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மாணவர்கள் எத்தனையோ பேர். கையில் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ இருக்கலாம்.

அதற்கு வழி சொல்கிறேன். 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கு. 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, பார். பிறகு தமிழ். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ அழகியோ வைத்து அடித்துப் பழகியவர்கள் இங்கே தமிழ் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சுக் கருவிகளையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும், ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. யூனிகோடில் அடித்தால் எங்கும் படிக்கலாம். பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிற டிடிபி கடைக்காரர்களுக்குத்தான் சிக்கல், அது தனி வீடியோவுக்கான விஷயம்.

ரூஃபஸ் என்ற கருவியால் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாமா என்றும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். போடலாம், உங்கள் லேப்டாப்பில் ஓடும். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் செய்து பாருங்கள். கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் நான் செய்ய மாட்டேன்.

கடைக்காரர் சொன்ன 'புதுசு' பற்றி. உங்கள் வேலைக்குப் புத்தம் புதியது அவசியமில்லை. அலுவலகங்களிலிருந்து வெளியே வரும் எட்டாம் தலைமுறை பிசினஸ் லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெருவிலும் கோவையிலும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கின்றன. திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மாதிரி. ஒரு எச்சரிக்கை: இவற்றில் சில மாடல்கள் ஏழாம் தலைமுறைப் பிராசஸருடனும் விற்கப்பட்டன, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடையிலேயே ஆன் செய்து, சிஸ்டம் விவரத்தில் ஐ5 என்பதற்குப் பக்கத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். 8250, 8350 என்று எட்டில் தொடங்க வேண்டும். 7200, 7300 என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். டேலியை அதற்கு மாற்றிவிட்டு, இப்போதைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி போட்டு, மின்ட் ஏற்றி மகனுக்குக் கொடுத்துவிடுங்கள். 8 ஜிபி ரேமுக்கும் அந்த ஐ5க்கும் இன்னும் பல வருடம் வேலை இருக்கிறது.

இதையெல்லாம் எப்போது செய்வது என்று கேட்டால், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் எதையும் தொடாதீர்கள். ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கல் முடியட்டும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் வேலையாக டேலியைத் திறந்து ஆல்ட், ஒய் அழுத்தி பேக்கப் எடுங்கள். ஒரு பென்டிரைவில் ஒன்று, வேறொரு பென்டிரைவில் இன்னொன்று. எடுத்ததை வேறு ஒரு கம்ப்யூட்டரில் டேலியில் ரீஸ்டோர் செய்து, போன மாதத்து பேலன்ஸ் சரியாக வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு மகனிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்கள்.