ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே கேள்வியை ஏன் மூன்று தடவை கேட்கிறார்கள்?

[திரையில்: ஆபரேஷன் தியேட்டர் கதவு, பக்கத்தில் சுவர்க் கடிகாரம்]

"கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" நர்ஸ் கேட்பார். சற்று நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்து அதையே கேட்பார். தியேட்டருக்குள் போனால் இன்னொரு தடவை. நமக்கு எரிச்சல் வரும், நியாயம்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லுங்கள்.

விழித்திருக்கும்போது ஒரு சொட்டு தண்ணீர் தவறிப் போனாலே நமக்குப் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். முழு மயக்கத்தில் அந்த இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலே ஏறினால், அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

[திரையில்: வயிறு, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் வரைபடம்]

அதனால்தான் லேசான உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்கிறார்கள். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொல்வதுதான். பால் கலந்த டீ பொதுவாக உணவுக் கணக்கில் சேரும், தண்ணீர்க் கணக்கில் அல்ல. குழந்தை அழுகிறதே என்று ரகசியமாகக் கொடுத்த ஒரு பிஸ்கட்டும் அப்படித்தான். எடை குறைக்க வாராவாரம் ஊசி போடுகிறீர்களா? அதில் சில வகை, வயிறு காலியாவதையே மெதுவாக்கும். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆடுகிற பல், கட்டுப்பல், நெயில் பாலிஷ் எல்லாம் அற்ப விஷயம் போலத் தெரியும், சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் உடம்பு கொதித்துச் சிக்கலானதுண்டா? இதை மறக்கவே கூடாது. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் கோளாறு அது. முன்பே தெரிந்தால் மருந்தையே மாற்றிவிடலாம்.

[திரையில்: முகத்தில் மாஸ்க்]

சரி, உள்ளே போய்விட்டோம். மாஸ்க்கை வைத்து, "நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள்" என்பார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். இப்போது நுரையீரல் முழுக்க ஆக்சிஜனை நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்தில் மூச்சு நின்றதும், செயற்கையாக மூச்சு கொடுக்கும் குழாயை மூச்சுக்குழாய்க்குள் பொருத்த அது சில நிமிடம் அவகாசம் தரும்.

[ஒலி: பீப்... பீப்... பீப்...]

விரலில் மாட்டும் கிளிப்பைப் பார்த்திருப்பீர்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த யோசனையில் பிறந்தது. இரண்டு வகை ஒளியை விரலுக்குள் அனுப்பி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. தியேட்டரில் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். ஆக்சிஜன் குறையக் குறைய பீப்பின் சுருதியும் இறங்கும்.

[ஒலி: பீப் சுருதி மெல்ல இறங்குகிறது]

டாக்டர் மருந்து ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் காது பிடித்துவிடும். இன்னொரு திரையில் நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு அலை அலையாக ஓடும். குழாய் தப்பி உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் அந்த அலை நிலைக்காது, உடனே தெரிந்துவிடும்.

ஊசி போட்டுவிட்டு மயக்க டாக்டர் கிளம்பிவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தையல் முடிந்து, நீங்கள் கண் திறந்து, உங்கள் மூச்சை நீங்களே விடும்வரை கூடவே இருப்பார்.

[திரையில்: வீல் சேர், பக்கத்தில் உறவினர்]

அன்றே வீடு திரும்புகிறவர்கள் துணைக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். 24 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டாம், பத்திரம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், வண்டிச் சாவியை அந்தத் துணையிடமே கொடுத்துவிடுங்கள்.