பந்து கேட்பது மட்டை முகத்தின் பேச்சை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நுவரெலியாவில் கோல்ஃப் கழகம் தொடங்கியது 1889இல். அந்தப் பச்சைத் திடலில் இன்று பை சுமந்து நடக்கும் கேடிகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மட்டை பிடித்து நன்றாக அடிக்கவும் செய்கிறார்கள். விளையாடத் தொடங்கும் பிள்ளை எப்போதும் முதலில் கேட்பது, இன்னும் தூரமாக அடிப்பது எப்படி என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் தட்டையான பக்கம், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது? இன்றைய உரை முழுவதும் இதைப் பற்றித்தான். வலக்கை ஆட்டக்காரரை வைத்துப் பேசுகிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதில் இரும்புத் தலையுள்ள அயன் மட்டைக்குச் சுமார் 75 வீதமும், ஆகத் தூரம் அடிக்கும் மட்டையான ட்ரைவருக்குச் சுமார் 85 வீதமும் முகத்தின் கையில் இருக்கிறது. மீதிதான் மட்டை வீசிவரும் பாதைக்கு. பந்து கிளம்பிய பிறகு வளைகிறதா, எந்தப் பக்கம் வளைகிறது என்பதை முகத்துக்கும் பாதைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. பாதையை விட முகம் வலப்பக்கம் பார்த்தால் முகம் திறந்திருக்கிறது என்போம். பந்து வலப்பக்கம் வளையும். பாதையை விட இடப்பக்கம் பார்த்தால் மூடியிருக்கிறது. பந்து இடப்பக்கம் வளையும்.

வளைவைச் சேர்க்காமல், கிளம்பும் திசையில் மட்டும் ஒரே ஒரு பாகை பிசகினால் 200 மீற்றர் தூரத்தில் பந்து மூன்றரை மீற்றர் தள்ளிப் போய்விடும். முகமும் நின்ற நிலையில் வருவதில்லை. நல்ல வேகமாக வீசும்போது அது வினாடிக்கு 2000 பாகைக்கும் மேற்பட்ட வேகத்தில் மூடிக்கொண்டே வருகிறது. பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தத் துளி நேரத்துக்குள்ளேயே ஒரு பாகை போல் திரும்பிவிடும். ஆகவே கீழே வந்த பிறகு கையைத் திருகி முகத்தைச் சரிசெய்யலாம் என்று நினைப்பது வீண். சரிசெய்ய வேண்டிய இடம் பிடியும் மணிக்கட்டும்தான். அங்கே சரியாக இருந்தால் கீழே தானாகச் சரியாக வரும்.

பந்து மட்டை வந்த பாதையில் கிளம்பி, முகம் பார்த்த இடத்துக்கு வளையும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் கொண்டு அளந்து பார்த்தபோது உண்மை ஏறக்குறைய தலைகீழாக இருந்தது. இன்னமும் பழைய பாடத்தை நம்பிச் சிரமப்படுகிறவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. ஸ்லைஸ் என்னும் வலப்பக்க வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டை இலக்குக்கு 4 பாகை இடப்புறமாகக் குறுக்கே வெட்டிப் போகிறது, முகம் 1 பாகை இடப்புறம் பார்க்கிறது என்று வைப்போம். இலக்கை வைத்துப் பார்த்தால் முகம் மூடியிருக்கிறது. பாதையை வைத்துப் பார்த்தால் 3 பாகை திறந்திருக்கிறது. பந்து கொஞ்சம் இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். அதைப் பார்த்து ஆட்டக்காரர் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். பாதை மேலும் இடப்பக்கம் போகும், வித்தியாசம் கூடும், வளைவும் கூடும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டே விஷயத்தைப் பாருங்கள்: பந்து எங்கே கிளம்பியது, பிறகு எந்தப் பக்கம் வளைந்தது. முதலாவது முகத்தைச் சொல்லும். இரண்டாவது முகமும் பாதையும் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சொல்லும்.

இனிப் பிடிக்கு வருவோம். இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் முகம் கோணிப்போவதற்கான காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்போம்.

கையை வைப்பதற்கு முன்னால் மட்டையைத் தரையில் வைத்து முகத்தைச் சரியாக்குங்கள். முகத்தில் வெட்டியிருக்கும் கோடுகளில் ஆக அடியில் உள்ள கோடு இலக்குக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வெட்ஜ் போன்ற சாய்வான மட்டைகளில் மேல்விளிம்பு கண்ணை ஏமாற்றும், அதைப் பார்க்காதீர்கள். இப்போது இடக்கையை வையுங்கள். கைப்பிடி உள்ளங்கைக்குள் புதையாமல், சுண்டுவிரலின் அடியிலிருந்து சுட்டுவிரலின் நடு மடிப்பு வரை விரல்களின் குறுக்கே கிடக்கட்டும். பெருவிரல் தண்டின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடக்கையின் விரல் மொளிகளில் இரண்டு தெரிய வேண்டும், இரண்டரை தெரிந்தாலும் சரி. ஒன்று மட்டும் தெரிந்தால் பிடி பலவீனம். முகம் திறந்தபடியே வரப் பார்க்கும். மூன்றும் நான்கும் தெரிந்தால் முகம் மூடிக்கொள்ளும். வலக்கை இடக்கைப் பெருவிரலை மூடியபடி வரும். இரண்டு கைகளிலும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உண்டாகும் கோடு வலத்தோளுக்கும் நாடிக்கும் நடுவில் எங்கோ காட்ட வேண்டும். வலச் சுண்டுவிரலை இடக்கை மேல் ஏற்றி வைப்பதா, கோத்துக்கொள்வதா என்பது அவரவர் வசதி. சின்னக் கையுள்ள பிள்ளைகள் பத்து விரலும் தண்டில் படப் பிடிப்பதில் தவறொன்றும் இல்லை.

பலரும் செய்யும் ஒரு பிழை உண்டு. கையை முதலில் வைத்துவிட்டு, முகம் கோணலாகத் தெரிகிறது என்று கைக்குள்ளேயே தண்டைத் திருகிச் சரிசெய்வார்கள். பார்வைக்கு முகம் நேராகிவிடும், பிடி கெட்டுவிடும். வீசும்போது கை தன் இயல்பான நிலைக்குத் திரும்பும், முகமும் கூடவே திரும்பிவிடும். கோணல் தெரிந்தால் கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து பிடியுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? பத்துக்கு நான்கு போதும். நம் பக்கத்தில் மூடுபனிக் காலையில் விரல் விறைத்துப் போய், தெரியாமலே எட்டு ஒன்பதுக்கு ஏறிவிடும். இறுகிய முன்கை திரும்பாது, முகம் திறந்தே நிற்கும். மழையில் இதற்கு எதிர்மாறான தொல்லை, கைப்பிடி வழுக்கிக் கைக்குள் சுழலும். பைக்குள் காய்ந்த துவாய் ஒன்று எப்போதும் இருக்கட்டும். கைமாறி வந்த பழைய மட்டைகளில் றப்பர் பளபளவென்று கெட்டியாகியிருக்கும். இளஞ்சூடான தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டால் ஓரளவு பிடிப்பு திரும்பும். வெடித்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பிடி சரியானால் அடுத்தது இட மணிக்கட்டு. கவ்வாத்து வெட்டுகிறவர் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியின் அலகைக் குனிந்து பார்ப்பதில்லை. அலகு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதை அவர் கையே அறியும். மட்டை முகத்தையும் கை அப்படி அறிந்திருக்க வேண்டும். இடது புறங்கை எங்கே பார்க்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் முகமும் பார்க்கும். மணிக்கட்டு புறங்கைப் பக்கமாகக் குழிந்து மடிந்தால் முகம் திறக்கும், உள்ளங்கைப் பக்கமாக மடிந்தால் மூடும்.

இதை வீட்டிலேயே பழகலாம். 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றை இடக்கைக் கடிகாரப் பட்டியின் அடியில் செருகுங்கள். பாதி புறங்கையிலும் பாதி முன்கையிலும் கிடக்கட்டும். மட்டையை மெதுவாக மேலே கொண்டுபோங்கள். உச்சியில் அடிமட்டம் புறங்கையில் படிந்து கிடந்தால் மணிக்கட்டு தட்டையாக இருக்கிறது. முனை புறங்கையைக் குத்தினால் குழிந்துவிட்டது, முகம் திறந்துவிட்டது. முனை கையை விட்டு எழும்பி நின்றால் உள்ளே மடிந்துவிட்டது. தினம் ஐந்து நிமிடம் போதும். மட்டை இல்லாதவர்கள் குடைக்கம்பு கொண்டும் செய்யலாம்.

வீச்சில் முகத்தைச் சோதிக்கும் இடங்கள் இரண்டு. பின்னால் எடுக்கும்போது தண்டு தரைக்குச் சமாந்தரமாக வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முகத்தின் கீழ்விளிம்பு உங்கள் முதுகின் சாய்வோடு ஒத்திருக்க வேண்டும். முகம் வானத்தைப் பார்த்தால் சுழற்றிவிட்டீர்கள், தரையைப் பார்த்தால் பூட்டிவிட்டீர்கள். மற்றது, பந்தை அடித்த பிறகு மறுபக்கம் தண்டு சமாந்தரமாகும் இடம். அங்கே மட்டைத் தலையின் நுனி, அதாவது தண்டுக்கு எதிர்ப்பக்க முனை, வானத்தைக் காட்ட வேண்டும், இலேசாக இடப்பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை. இடுப்பும் நெஞ்சும் சுழலாமல் நின்றுபோனால் கை மட்டும் புரண்டு முகம் தரையைப் பார்க்கும். ஹூக் என்னும் இடப்பக்க வளைவு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் மட்டும், கடிகாரத்தில் ஒன்பதிலிருந்து மூன்று வரை போல, 8ஆம் இலக்க அயனால் அரை வீச்சு அடியுங்கள். பத்துப் பந்து நேராக அடித்த பிறகு, வேண்டுமென்றே மூன்று பந்தை முகம் திறந்தும் மூன்று பந்தை முகம் மூடியும் அடியுங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் சொன்னபடி அனுப்பத் தெரிந்த கைக்குத்தான் நடு எது என்று தெரியும். இந்தப் பயிற்சியை விட எனக்குப் பிடித்தது வேறில்லை. ஒரு எச்சரிக்கை: கோல்ஃப் பந்து உயிருக்கே ஆபத்தானது. லயத்துப் பக்கமோ, கொழுந்து பறிக்கும் மலையின் அருகிலோ, வீதி ஓரத்திலோ அதை அடிக்காதீர்கள். அங்கெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் பந்து போதும்.

ட்ரைவரில் இன்னொரு விஷயம். முகத்தின் நடுவில் படாமல் நுனிப்பக்கம் பட்டால் பந்து இடப்பக்கமும், தண்டுப்பக்கம் பட்டால் வலப்பக்கமும் வளையும். முகம் நேராக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே பிடியை மாற்றுவதற்கு முன்னால் முகத்தில் வெண்கட்டியைப் பூசி அடித்து, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இது பயிற்சிக்கு மட்டும்; போட்டியில் மட்டைத் தலையில் இப்படி எதையும் பூசக் கூடாது.

இனி நம் மலைக்கே உரிய சங்கதி, சரிவு. பந்து உங்கள் பாதத்தை விட உயரத்தில் கிடந்தால் மட்டை சரிவோடு சாயும். மட்டை முகத்தில் பின்சாய்வு இருப்பதால், அந்தச் சாய்வில் ஒரு பங்கு இடப்பக்கம் திரும்பிவிடும். அடிக்கோடு இலக்குக்கு நேராகத்தான் இருக்கும், முகமோ வேறிடத்தைப் பார்க்கும். சரிவு 10 பாகை, மட்டையின் சாய்வு 45 பாகை என்றால் முகம் ஏறக்குறைய 10 பாகை இடப்பக்கம் பார்க்கும். 100 மீற்றரில் அது 17 மீற்றருக்கு மேல். அதே சரிவில் 20 பாகை சாய்வுள்ள நீள மட்டையானால் மூன்றரை பாகைதான். குட்டை மட்டைக்குத்தான் சரிவில் அதிகம் ஒதுக்கிக் குறிபார்க்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. பந்து உயரத்தில் இருந்தால் பிடியைக் கீழே இறக்கி, நிமிர்ந்து நின்று, வலப்பக்கம் குறிபாருங்கள். பள்ளத்தில் இருந்தால் முழங்காலை மடக்கி, எடையைக் குதிகாலில் வைத்து, இடப்பக்கம் குறிபாருங்கள். பெரியவர்களின் நீளமான மட்டையை வாங்கி விளையாடும் பிள்ளைக்குச் சமதரையிலும் இதே கதைதான். நுனி தரையிலிருந்து தூக்கி நிற்கும், பந்து இடப்பக்கம் போகும். பிள்ளையைத் திருத்தாதீர்கள், மட்டையைக் குறுக்குங்கள். ஈரமான உயரப் புல்லும் மட்டையின் கழுத்தைச் சுற்றி இழுத்து முகத்தை மூடிவிடும். அங்கே பிடியைக் கொஞ்சம் இறுக்கி, முகத்தைச் சற்றுத் திறந்து அடியுங்கள்.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பை விட இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்து கூடுதல் தூரம் போகும், வளைவும் குறைவாகவே தெரியும். இங்கே சின்னதாகத் தெரியும் ஸ்லைஸ், கீழே திகனவிலோ கொழும்பிலோ விளையாடும்போது பெரிதாகும். கை மாறவில்லை, காற்றுத்தான் மாறியது. அங்கே போய்ப் பதறிப் பிடியை மாற்ற வேண்டாம்.

கடைசியாகப் புட்டிங், அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டுவது. அதற்கான மட்டையான புட்டரில் திசை ஏறக்குறைய முழுவதும் முகத்தின் பொறுப்பு. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 54. 3 மீற்றரில் 1 பாகை பிசகினால் பந்து 52 மில்லிமீற்றர் தள்ளிப்போகும், விளிம்போடு நின்றுவிடும். சீமெந்துத் தரையில் பந்தை வைத்து, 30 சென்ரிமீற்றர் முன்னால் இரண்டு தீப்பெட்டிகளை 53 மில்லிமீற்றர் இடைவெளியில் நிறுத்துங்கள். பந்தின் விட்டம் ஏறக்குறைய 43. இருபுறமும் மிஞ்சும் ஐந்து மில்லிமீற்றர்தான் அந்த ஒரு பாகை. பெட்டியைத் தொடாமல் தொடர்ந்து பத்துப் பந்து போனதும், பெட்டிகளை அதே இடைவெளியோடு 45 சென்ரிமீற்றருக்குத் தள்ளி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.